மாண்டிசோரி அம்மையார் கண்டது

நியாயஸ்தலத்தில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவன், கண்டதைக் கண்டபடி கூறுவதாகப் பிரமாணம் செய்கிறான். பொய் சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லாமலிருக்கலாம். ஆயினும் குறுக்கு விசாரணையில் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும், அவன் கூறியதில் பாதி அவன் கண்ணால் கண்டது, மற்றப் பாதி அவன் காண்போமென்று முன்னமே எதிர்பார்த்திருந்தது என்பது வெளியாகிவிடும். வக்கீல் தொழிலில் பல ஆண்டுகள் உழன்ற நமக்கு இது புதிதன்று. குழந்தைகள் விஷயத்திலோ நாம் எல்லோருமே இத்தகைய சாட்சிகள்தாம். மூன்று வயதுக் குழந்தையின் தகப்பனாரை அக்குழந்தை எப்படிப்பட்டது என்று கேளுங்கள். முரடு, சமர்த்து, பிடிவாதம், விஷமம் என்று தீர்ப்புகளை அடுக்குவார். இன்று காலையில் அது எந்தப் பொருளை எடுத்தது, அதை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் என்ன செய்தது, எப்போது தானாகக் கீழே வைத்தது என்று கேட்டால் விழிப்பார்.

தேசிய கல்வியைப் பற்றி நம்மவர் மேடைதோறும் முழங்குகிறார்கள். பாஷை எது, பாடத்திட்டம் எது, பணம் யார் தருவது என்றெல்லாம் தர்க்கம் நடக்கிறது. அந்தக் கல்விக்கு உரிய ஜீவன் தரையில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதை மட்டும் ஸ்திரீகளின் வேலையென்று ஒதுக்கிவிட்டோம். அப்படிக் குனிந்து பார்ப்பதையே தம் வாழ்நாளின் தொழிலாகக் கொண்டு, அதன் பயனாக இரண்டு வல்லரசுகளின் கைகளில் மாறி மாறி அகப்பட்ட ஓர் அம்மையாரின் சரித்திரத்தை இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம். அவர் நம் சென்னையில், அடையாற்றங்கரையில், காவலில் இருந்தவர் என்பதையும் நம்மில் பலர் மறந்துவிட்டனர்.

மேரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி, இத்தாலி தேசத்தில் அங்கோனா என்ற துறைமுகத்துக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் பிறந்த மூன்று வாரங்களுக்குள் ரோமாபுரி இத்தாலியச் சேனையின் வசமாயிற்று; துண்டு துண்டாகக் கிடந்த அத்தேசம் ஒன்றாகும் வேலை பூர்த்தியாயிற்று. தந்தையார் அலெஸாண்ட்ரோ அரசாங்கப் பொக்கிஷ இலாகாவில் உத்தியோகஸ்தர், பழைய வழக்கங்களில் பற்றுள்ளவர். தாயார் ரெனில்டே நிறையப் படித்தவர். மகளின் பக்கம் நின்றவர். குடும்பம் 1875ல் ரோமாபுரிக்குக் குடியேறிற்று. பெண் பிள்ளைகள் உபாத்தியாயினி ஆவதையன்றி வேறெதையும் எண்ணாத அக்காலத்தில், மேரியா பதின்மூன்றாம் வயதில் ஆண் பிள்ளைகள் பயிலும் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். முதலில் என்ஜினீயராக வேண்டுமென்று ஆசை. பிறகு வைத்தியத்தில் மனம் சென்றது. ஆண்களோடு ஒரே சாலையில் பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்று விதித்தமையால், மற்ற மாணவர்கள் போனபின் மாலை வேளையில் அவர் தனியாகப் பிணங்களுக்கு நடுவே நின்று அப்பாடத்தைக் கற்கவேண்டியதாயிற்று. 1896ல் ரோமாபுரி சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் வைத்தியர் அவரே என்று பலர் எழுதியிருப்பது சரியன்று. முன்னும் சிலர் உண்டு. அதே ஆண்டில் பெர்லினில் கூடிய சர்வதேச மாதர் மகாநாட்டுக்கு இத்தாலியின் பிரதிநிதியாகச் சென்று, சம வேலைக்குச் சமக் கூலி வேண்டுமென்று வாதித்தார்.

பட்டம் பெற்ற புதிதில் சர்வகலாசாலையின் மனநோய் வைத்தியசாலையில் உதவி வைத்தியராக அமர்ந்தார். அக்காலத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் பைத்தியம் பிடித்த பெரியவர்களையும் ஒரே கட்டடத்தில் அடைத்து வைப்பது வழக்கம். நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கப் போன இடத்தில், அவர் இத்தகைய குழந்தைகள் நிறைந்த ஓர் அறையைக் கண்டார். அவர்களைக் காக்கும் மாது மிக்க அருவருப்போடு ஒரு குறை கூறினாளாம்: சாப்பாடு முடிந்தவுடன் இக்குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள், அவ்வளவு கேவலமான பெருந்தீனிக்காரர்கள் என்று. இளம் வைத்தியர் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்கள், வெறுந்தரை. கையால் எடுக்க, உருட்ட, பிடிக்க ஒரு பொருளும் அங்கில்லை. குழந்தைகள் துணுக்குகளை எடுத்துத் தின்பதைவிட, விரல்களுக்கிடையே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தனர். பசி வயிற்றிலன்று, கைகளிலும் மூளையிலும் என்று அவருக்குப் பட்டது. அந்த மாதுவும் தினந்தோறும் அதே காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் பழைய நூல்களைத் தேடிப் படித்தார். பிரான்ஸ் தேசத்தில் ஆவேரோன் காட்டில் அகப்பட்ட ஒரு பையனை மனிதனாக்க இடார்ட் என்ற வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முயன்றார். அவருடைய மாணவர் ஸெகுவின், குறையறிவுள்ள குழந்தைகளுக்கு முதலில் தொடுதல், பிடித்தல், நடத்தல் முதலியவற்றைப் பழக்கி, அதன் வழியே அறிவை எழுப்பலாமென்று கண்டார். இவ்விருவர் நூல்களையும் மேரியா தம் கையாலேயே இத்தாலிய பாஷையில் முழுவதும் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானிக்க அதுவே வழியென்று கருதினாராம். 1900ல் ரோமாபுரியில் இக்குழந்தைகளுக்கென ஒரு பாடசாலை திறக்கப்பட்டபோது, ஜூஸெப்பே மாண்டெஸானோ என்ற வைத்தியரும் இவரும் அதன் தலைவர்களாயினர். பகலெல்லாம் குழந்தைகளோடு இருந்து, இரவில் கண்டவற்றைக் குறித்துவைத்து, மறுநாளைக்கு வேண்டிய கருவிகளைத் திருத்துவார். அசடுகள் என்று தள்ளப்பட்ட அக்குழந்தைகளில் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, சாதாரணப் பிள்ளைகளோடு பொதுப் பரீட்சை எழுதித் தேறினர். ஊரெல்லாம் வியந்தது. மாண்டிசோரி அம்மையாருக்கோ வேறொரு கவலை பிறந்தது. குறையுள்ள குழந்தைகள் இவ்வளவு தூரம் வரக்கூடுமானால், ஒரு குறையும் இல்லாத குழந்தைகளை அதே மட்டத்தில் நிறுத்திவைத்திருக்கும் சாதாரணப் பாடசாலைகளில் நடப்பதுதான் என்ன?

இவ்விடத்தில் ஒரு துக்கமான விஷயத்தைக் கூறாமல் மேலே செல்ல நமக்கு மனமில்லை. பெரியோர் சரித்திரம் எழுதுவோர் இத்தகையவற்றை மூடிவிடுவது வழக்கம். மாண்டெஸானோவுக்கும் மேரியாவுக்கும் இடையே நேசம் உண்டாயிற்று. 1898 மார்ச்சு 31-ந் தேதி அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. விவாகம் நடக்கவில்லை. குழந்தை மாரியோ, ரோமாபுரிக்கு வெளியே கிராமத்தில் ஒரு செவிலித்தாயிடம் ஒப்படைக்கப்பட்டான். 1901ல் மாண்டெஸானோ வேறொரு பெண்ணை மணந்தார்; அம்மையார் அப்பாடசாலையை விட்டு விலகினார். குழந்தை பிறந்த செய்தி தெரிந்தால் ஒரு பெண் வைத்தியரின் வாழ்வு அன்றோடு முடிந்துவிடும் காலம் அது. தகப்பனாருக்கு அத்தகைய தண்டனை எதுவுமில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அம்மையார் அவ்வப்போது சென்று, தாயென்று சொல்லிக்கொள்ளாமல், தம் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவார். ஊரார் குழந்தைகளின் ஒவ்வோர் அசைவையும் குறித்து வைத்தவர், தம் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்க்கவில்லை.

பாடசாலையை விட்டபின் அவர் மறுபடியும் மாணவியாகித் தத்துவ சாஸ்திரமும் மனநூலும் பயின்றார். 1904 முதல் சர்வகலாசாலையில் மானிட சாஸ்திரம் போதித்தார். சாதாரணக் குழந்தைகளிடம் தம் முறையைச் சோதிக்கச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. அது வாய்த்த விதம் விநோதமானது.

ரோமாபுரியில் ஸான் லொரென்ஸோ என்பது ஏழைகள் நெருங்கிக் கிடந்த பகுதி. வீடு கட்டும் சங்கம் ஒன்று அங்கிருந்த பாழடைந்த பெருங்கட்டடங்களைச் செப்பனிட்டுக் கூலி வேலைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் விடியுமுன் வேலைக்குப் போய்விட, பள்ளி வயதுக்கு வராத குழந்தைகள் மாடிப்படிகளில் திரிந்து புதுச் சுவர்களைக் கிறுக்கியும் பெயர்த்தும் வந்தன. அவர்களை ஓர் அறையில் கட்டி வைத்தால் சுவர் பிழைக்கும் என்பது சங்கத்தாரின் கணக்கு. உலகப் புகழ்பெற்ற கல்விமுறை ஒன்று சுண்ணாம்புப் பூச்சைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது என்று கூறினால் மிகையாகாது. 1907 ஜனவரி 6-ந் தேதி குழந்தைகள் வீடு என்ற பெயரால் அது திறக்கப்பட்டது. மூன்று வயது முதல் ஆறேழு வயதுவரை ஐம்பது அறுபது குழந்தைகள். அழுகையும் பயமும் நிறைந்த முகங்கள். போதிக்க அமர்ந்தவள் உபாத்தியாயினிப் பயிற்சி பெறாத ஒரு சாமானியப் பெண். அதுவே நன்மையாயிற்று என்று அம்மையார் பின்னால் கருதினார். பயிற்சி பெற்றவளாயிருந்தால் தான் கற்றதை விடாமல் போதித்திருப்பாள்.

அங்கே அவர் செய்தது மிக எளிது. முன்பு தயாரித்த கருவிகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவற்றை உபயோகிக்கும் விதத்தைச் சுருக்கமாகக் காட்டச் செய்தார். பிறகு விலகி நின்று பார்த்தார். ஒரு நாள் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, மரக்கட்டையில் குடைந்த வெவ்வேறு அளவுள்ள குழிகளில் அவ்வவற்றுக்குரிய மர உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பொருத்தி முடித்தவுடன் வெளியே எடுத்துக் கலைத்து மறுபடி தொடங்கிற்று. அம்மையார் எண்ணத் தொடங்கினார். நடுவில் மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் நின்று பாடச் சொன்னார். அது தலை நிமிரவில்லை. அது உட்கார்ந்திருந்த சிறு நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். உருளைகளைப் பற்றி மடியில் வைத்துக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தது. நாற்பது தடவைக்கு மேல் செய்தபின், யாரும் நிறுத்தச் சொல்லாமலே நிறுத்திற்று. நல்ல தூக்கத்திலிருந்து விழித்ததுபோல் சுற்றிலும் பார்த்து முறுவலித்தது. குழந்தையின் மனம் ஒன்றில் நில்லாது என்பது அதுவரையில் உலகத்தார் அனைவரும் ஒப்பிய சித்தாந்தம். ஒரு மூன்று வயதுச் சிறுமி அதை மறுத்துவிட்டாள்.

இதைப் படித்தபோது நம் வீட்டில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டரை வயதுக் குழந்தை ஒரு டம்ளரிலிருந்து மற்றொரு டம்ளருக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது. பாதி தரையில் போயிற்று. கட்சிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த நாம் எழுந்துபோய் இரண்டையும் பிடுங்கி உயரத்தில் வைத்தோம். வீறிட்ட அழுகையைப் பிடிவாதம் என்று அன்று தீர்மானித்தோம். நடந்தது என்ன என்று இப்பொழுது யோசிக்கிறோம். ஒரு ஜீவன் தன் கைக்குத் தானே பாடம் கற்பித்துக்கொண்டிருந்த நேரத்தில், நாம் புகுந்து பாடசாலையை மூடிவிட்டோம். விசாரணையே இல்லாமல்!

ஸான் லொரென்ஸோவில் கண்டவை ஒன்றல்ல. கருவிகள் வைத்திருந்த அலமாரியைப் பூட்டிவைத்து, ஆசிரியையே எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஒரு நாள் அலமாரி பூட்டாமல் கிடந்தது. ஆசிரியை வந்து பார்க்கையில் குழந்தைகள் தங்களுக்கு வேண்டியவற்றைத் தாமே எடுத்து வேலை தொடங்கியிருந்தனர். அவள் இதைத் திருட்டு என்று எண்ணினாள். தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்கிறது என்று அம்மையார் எண்ணினார். அன்று முதல் எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகளே வைக்கப்பட்டன. சில பொருள்களைக் குழந்தைகள் ஒருபோதும் தொடவில்லை, அவை அகற்றப்பட்டன. செல்வர்கள் அனுப்பிய அழகான பொம்மைகள் அவ்வாறே மூலையில் கிடந்தன. நல்ல பிள்ளைக்குப் பதக்கமும் பொல்லாத பிள்ளைக்குத் தனி நாற்காலியும் ஆசிரியை ஏற்படுத்தியிருந்தாள். பதக்கம் அணிந்தவன் வேலை மும்முரத்தில் அதைக் கீழே போட்டுவிட்டான். தண்டனையில் உட்கார்ந்திருந்தவன் அதை எடுத்து மாட்டிக்கொண்டான். முதல்வன் அதைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. பட்டத்துக்கும் பதக்கத்துக்கும் நம் பெரியவர்கள் படும் பாட்டை நினைக்கும்பொழுது, அந்தச் சிறுவனைக் குறித்துப் பொறாமை உண்டாகிறது.

ஒரு நாள் அம்மையார் மூக்குச் சிந்தும் விதத்தைப் பாடமாகக் கற்பித்தார். சிறிது வேடிக்கையாகவே தொடங்கினார். கைக்குட்டையைப் பிறர் கவனியாமல் எப்படி எடுப்பது, சத்தமில்லாமல் எப்படித் துடைப்பது என்று காட்டினார். ஒரு குழந்தையும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் அனைவரும் கைகொட்டி ஆரவாரித்தனர். காரணம் பிறகு அவருக்கு விளங்கிற்று. மூக்கு ஒழுகுவதற்காக அக்குழந்தைகளை வைவதற்கு எல்லோரும் இருந்தனர். துடைக்கக் கற்றுக்கொடுத்தவர் அன்றுவரை ஒருவருமில்லை. ஏழைக் குழந்தையின் மானத்தை அவ்வறையில் முதன்முதலாக ஒருவர் மதித்தார்.

எழுத்து வந்த கதையும் இதைப் போன்றதே. மூன்று நான்கு வயதில் எழுதக் கற்பிக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. தாய்மார் வந்து கேட்டதனால் உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். குழந்தைகள் விரலால் அவற்றின்மேல் தடவி ஒலியைச் சொல்லும். அதே ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு நாள், மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கையில், ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து எதிரேயிருந்த புகைப்போக்கியை வரையச் சொன்னார். வரைந்தான். உடனே ஏதோ பிடித்தவன்போல் தரையில் ஒரு சொல்லை எழுதினான், இன்னொன்று எழுதினான், தனக்கு எழுத வருகிறது என்று கூவினான். மற்றக் குழந்தைகளும் சுண்ணக்கட்டி கேட்டுச் சூழ்ந்தனர். அதன்பின் கதவு, சுவர், தரை ஒன்றும் மிஞ்சவில்லை. சுவரைக் காப்பாற்ற எண்ணிய சங்கத்தாரின் முகம் அன்று எப்படியிருந்ததோ!

இவற்றையெல்லாம் அற்புதம் என்று பத்திரிகைகள் எழுதின. அம்மையாருக்கு அச்சொல் பிடிக்கவில்லை. அவர் வைத்தியர், நோயாளியின் நாடியைப் பார்ப்பவன் நாடிக்கு உத்தரவிடுவதில்லை. தம்மிடம் பயில வந்த ஆசிரியர்களுக்கு அவர் முதலில் விதித்த பயிற்சி, அறையின் ஓரத்தில் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பதே. எந்தக் குழந்தை எப்பொழுது எதை எடுத்தது, எத்தனை முறை செய்தது, எப்பொழுது கவனம் சிதறிற்று, எதற்குப்பின் அமைதியடைந்தது என்பவற்றைக் குறிக்கவேண்டும். நல்லது, கெட்டது, சமர்த்து, மந்தம் என்ற சொற்களைக் குறிப்பில் சேர்க்கலாகாது. அவ்வாறு மாதக்கணக்கில் குறித்து வந்ததில், நடக்க, பேச, ஒழுங்காக அடுக்க, நுண்ணிய பொருள்களைக் கவனிக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் வருகிறது, அப்பருவத்தில் குழந்தை அதையே நாடுகிறது, பருவம் கடந்தால் அதே வேலை கசப்பாகிவிடுகிறது என்று தெரிந்தது. புழு பூச்சிகளின் வாழ்வில் இத்தகைய பருவங்களை ஹாலந்து தேசத்து விஞ்ஞானி ஹ்யூகோ டி விரீஸ் காட்டியிருந்தார். பெயரை அவரிடமிருந்தே அம்மையார் எடுத்துக்கொண்டார். நாற்காலி, மேஜை, கைகழுவும் தொட்டி எல்லாம் குழந்தையின் அளவுக்குச் செய்யப்பட்டன. உருளை தவறான குழியில் நுழையாது. ஆகையால் தவறு என்று சொல்ல ஆசிரியை வேண்டியதில்லை. குழந்தை தானே கண்டு தானே திருத்திக்கொள்ளும்.

1909ல் இம்முறையை விளக்கி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1912ல் அமெரிக்காவில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்ததும் புகழ் வெள்ளம்போல் பெருகிற்று. 1913ல் அமெரிக்கா சென்று நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்தில் பேசினார். 1915ல் ஸான் பிரான்ஸிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு வகுப்பு அமைக்கப்பட்டு, வெளியே ஜனங்கள் கூட்டங்கூட்டமாக நின்று பார்த்தனர். புகழோடு கண்டனமும் வந்தது. கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கில்பாட்ரிக், 1914ல் ஒரு நூல் எழுதி, இம்முறை ஐம்பது ஆண்டு பழையது, குழந்தைகள் கூடி விளையாடவும் கற்பனை செய்யவும் இடந்தரவில்லை என்றார். அக்கண்டனத்தில் ஓரளவு நியாயமுண்டு என்பதே நம் அபிப்பிராயம். கதையிலும் கற்பனையிலும் சிறு குழந்தைக்குள்ள ஆசையை அம்மையார் போதிய அளவு மதித்தாரில்லை. தம்மிடம் பயிலாதவர் தம் முறையைக் கையாளலாகாது, கருவிகளில் மாறுதல் செய்யலாகாது என்று கண்டிப்பாகவும் இருந்தார். எல்லாவற்றையும் திறந்த கண்ணோடு பார்க்கச் சொன்னவர், தாம் கண்டதைப் பிறர் மறுபடி பார்த்துத் திருத்த முற்பட்டபோது பொறுக்கமாட்டாதவராயினார். இதற்கிடையே 1912ல் தாயார் காலமானார். அடுத்த ஆண்டில், பதினைந்து வயது மாரியோ அவரிடம் வந்து சேர்ந்தான். உலகத்துக்கு மருமகன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் சொல்லப்பட்ட அவன், அதுமுதல் கடைசிவரை அவருக்கு வலக்கையாயிருந்தான்.

இனி அவர் வாழ்வில் நம் போன்ற அரசியல்காரர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி வருகிறது. 1922ல் முஸோலினி இத்தாலியின் அதிகாரத்தைக் கைப்பற்றினான். 1924ல் அம்மையாரைச் சந்தித்தான். நாலு வயதில் எழுதும் குழந்தைகள், கூச்சலில்லாத வகுப்புகள், சொல்லாமலே நடக்கும் ஒழுங்கு! சர்வாதிகாரிக்கு இதைவிட இனிப்பான காட்சி ஏது? அரசாங்கப் பணம் வந்தது, பாடசாலைகள் பெருகின, 1928ல் ரோமாபுரியில் ஆசிரியர் கல்லூரி ஒன்றும் ஏற்பட்டது. அம்மையார் இவற்றை ஏற்றுக்கொண்டார். ஸோஷலிஸ்ட் தலைவர் மாட்டியோட்டி கொலையுண்டதும் அதே 1924ல்தான் என்பதை நாம் மறக்கலாகாது. குழந்தைகளுக்கு நன்மை செய்கிறவன் யாராயிருந்தாலும் சரி என்று அவர் எண்ணினார் போலும். அரசியல் எனக்கு வேண்டாம் என்று சொல்லும் உத்தமர்கள் எல்லா நாட்டிலும் இப்படித்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

அவ்விருவரும் ஒரே வகுப்பைப் பார்த்தனர், கண்டது வேறு. குழந்தை தன் இஷ்டப்படி வேலையைத் தேர்ந்து அதில் மூழ்குவதனால் அமைதி பிறக்கிறது என்பது அம்மையார் கண்டது. உத்தரவுக்கு அடங்கிய அமைதி என்பது முஸோலினி கண்டது. எட்டு வயதிலேயே பையன்களுக்குக் கருஞ்சட்டை மாட்டி அணிவகுக்கச் செய்யும் பலில்லா என்ற ஸ்தாபனம் 1926ல் தொடங்கிவிட்டது. கல்லூரியில் கட்சியின் ஆதிக்கம் நாளுக்கு நாள் வளர்ந்தது; போலீஸார் அம்மையாரைப் பற்றி இரகசியக் குறிப்புகள் சேர்த்தனர். 1932ல் அவர் ஜினீவாவில் சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்: யுத்தம் நின்றிருப்பது சமாதானம் ஆகாதென்றும், குழந்தையைப் பெரியவன் அடக்கி ஆளும் வீட்டிலேயே யுத்தம் தொடங்குகிறதென்றும் அவர் கருத்து. 1933ல் தம் பெயர் தாங்கிய இத்தாலியச் சங்கத்தினின்று அவரும் மாரியோவும் விலகினர். 1934ல் தேசத்தைவிட்டே வெளியேறினார். சில ஆண்டுகளுள் இத்தாலியில் அவர் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லரும் அதையே செய்தான். பார்ஸிலோனாவில் இருந்த அம்மையார், 1936ல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூளவே அங்கிருந்தும் ஓடி, ஹாலந்தில் தங்கினார். பத்து ஆண்டு காலம் சர்க்கார் பணத்தை ஏற்றது பிழை என்று நாம் கூறத் தயங்கவில்லை. ஆயினும் அறுபத்துமூன்றாம் வயதில் கட்டிய அனைத்தையும் விட்டு எழுந்து செல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

இந்தியாவுக்கும் அவருக்கும் தொடர்பு முன்னமே உண்டு. 1931ல் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்ற காந்தியடிகள் அவரைச் சந்தித்து, அவரிடம் பயில்வோர் கூட்டத்தில் பேசினார். தாகூரும் அவரிடம் மதிப்பு வைத்திருந்தார். பிரம்மஞான சங்கத்தின் தலைவர் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன்பேரில், 1939ஆம் ஆண்டின் இறுதியில் அறுபத்தொன்பது வயது அம்மையார் மாரியோவோடு சென்னை வந்து சேர்ந்தார். அடையாறு ஆல்காட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகளின் கீழ் முதல் வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் முந்நூறு பேருக்கு மேல் வந்தனர். அம்மையார் இத்தாலிய பாஷையில் பேச, மாரியோ வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் கூறினார். மூன்று மாதத்தில் திரும்புவதாகவே எண்ணம்.

1940 ஜூனில் முஸோலினி ஹிட்லரோடு சேர்ந்து யுத்தத்தில் குதித்தான். மறுகணம் பிரிட்டிஷ் சர்க்காருக்கு இந்த மூதாட்டி பகை நாட்டுப் பிரஜையாகிவிட்டார். அந்த முஸோலினியை விட்டு ஓடிவந்தவர் என்பது எந்தத் தஸ்தாவேஜிலும் ஏறவில்லை. மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தனர். அம்மையார் அடையாறு எல்லையைத் தாண்டலாகாதென்று தடை விதித்தனர். நாற்பது ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்த மகனை அவரிடமிருந்து பிரித்தது இந்திய சர்க்கார். ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக என்ன கொடுக்கலாமென்று யோசித்து, அவருடைய மகனை அவரிடமே திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. மகன் என்ற சொல்லை அதிகாரப்பூர்வமான காகிதத்தில் பகிரங்கமாக எழுதியவர் அந்த வைஸ்ராய்தான். அந்நிய ஆட்சியின் நற்செயல்களாக நாம் எண்ணக்கூடியவை சில. இதையும் அவற்றுள் சேர்த்துக்கொள்ளலாம்.

சென்னை வெயில் தாங்காமல் 1942ல் கோடைக்கானலுக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கே பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்ற சிறு பாடசாலையில், ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்குச் செடி, கல், நீர், நட்சத்திரம், மனித சரித்திரம் எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தின் கதைபோல் காட்டும் முறையை உருவாக்கினார். அகமதாபாத்தில் பிறந்த குழந்தையிலிருந்து மூன்று வயதுவரையுள்ள பருவத்தைப் பற்றிப் பேசினார். நம் தாய்மார்கள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைவீதிக்கும் கோயிலுக்கும் போவதை அவர் மிக்க கவனத்தோடு பார்த்தார். தொட்டிலில் தனியே கிடத்தும் ஐரோப்பியக் குழந்தைக்குக் கிடைக்காத காட்சியும் பேச்சும் அக்குழந்தைக்குக் கிடைக்கின்றன. நாகரிகமின்மை என்று நம்மவருள் படித்தோர் சிலர் நாணிய வழக்கத்தில் அவர் ஒரு பாடசாலையைக் கண்டார். அச்சொற்பொழிவுகள் 1949ல் அடையாற்றிலிருந்து நூலாக வெளிவந்தன.

யுத்தம் முடிந்து 1946ல் ஐரோப்பா சென்று, அடுத்த ஆண்டே திரும்பி வந்து, 1949 வரை இங்கு உழைத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். அவர் பெயர் தாங்கிய பள்ளிகளும் நகரங்கள்தோறும் முளைத்தன. கூலிக்காரர் குழந்தைகளுக்காகத் தோன்றிய முறை நம் நாட்டில் மோட்டாரில் வந்திறங்கும் குழந்தைகளின் சொத்தாயிற்று. பளபளக்கும் மரக் கருவிகளின் விலை ஒரு காரணம். நம் அசட்டை மற்றொன்று. இதற்கு விலக்கானோரும் உண்டு. வக்கீல் தொழிலை உதறிவிட்டுப் பவநகரில் 1920ல் பால மந்திரம் தொடங்கிய கிஜுபாய் பதேகா அம்மையாரின் நூல்களைப் படித்தே வழி கண்டவர். அவரோடு உழைத்த தாராபாய் மோதக், பிற்காலத்தில் மகாராஷ்டிரக் கடலோரத்திலுள்ள போர்டி கிராமத்தில் ஏழைகளின் வீட்டு முற்றத்துக்கே பாலர் பள்ளியைக் கொண்டுபோனார். விலைக்கு வாங்கும் கருவிகளுக்குப் பதில் இலை, விதை, கூழாங்கல், மண்பாண்டம் இவற்றைக் கொடுத்தார். ஸான் லொரென்ஸோவின் குழந்தைகள் வீடு இந்தியாவில் உண்மையாகக் குடியேறிய இடம் அந்த முற்றம் என்று கொள்ளலாம்.

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபல் சமாதானப் பரிசுக்கு அம்மையாரின் பெயர் பிரேரிக்கப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952 மே மாதம் 6-ந் தேதி, ஹாலந்தில் நார்ட்விக் என்ற கடற்கரை ஊரில், எண்பத்தொன்றாம் வயதில் காலமானார். உடல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. தம் வேலை அனைத்தையும் தொடர்ந்து நடத்தும் பொறுப்பை மாரியோவிடம் விட்டுச் சென்றார். மாரியோ 1982 வரை உயிரோடிருந்து அதை நிறைவேற்றினார். அவ்வுயிலில், ஐம்பத்துநான்கு வயதான மாரியோவை, மருமகன் என்றோ வளர்ப்பு மகன் என்றோ எழுதாமல், தம் மகன் என்றே அம்மையார் எழுதியிருந்தார்.